வாயிலைக் காட்டாத மாளிகை

நூலுக்கு மதிப்புரை எழுதுகிறோம், நாடகத்துக்கும் எழுதுகிறோம். பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்துக்கு மதிப்புரை எழுதுவார் எவருமிலர். ஆயினும், இளங்கலை வகுப்பில் சேர விழையும் மாணாக்கர் அக்கழகத்தைப் பற்றி முதன்முதலாகப் படிக்கும் நூல் அதுவேயன்றோ? ஆதலின் அதனையும் குணங்குற்றம் நாடிப் பார்த்தல் தகும்.

2010ஆம் ஆண்டில் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ராண்டல் மன்ரோ இதுபற்றி ஒரு படம் வரைந்தார். ஒன்றையொன்று வெட்டும் இரு வட்டங்கள். ஒன்றில், தளத்தின் முகப்பில் உள்ளவை: வளாகப் படங்கள், தலைவரின் கடிதம், செய்தி அறிக்கைகள். மற்றதில், மக்கள் தேடி வருபவை: விண்ணப்பத் தாள், பாடப் பட்டியல், கல்வி நாட்காட்டி. இரண்டுக்கும் பொதுவாக நின்றது கழகத்தின் முழுப்பெயர் ஒன்றே! நகைக்க வரைந்த படந்தான். ஆனால் அதன் உண்மையை அண்மையில் நேரிற் கண்டேன்.

எம் தோட்டப் பள்ளியிற் பயின்று, பின்னர் எஸ்.டி.பி.எம். தேறிய மாணவி ஒருத்தி, செம்பனைத் தோட்டத்தில் உழைக்கும் தன் தந்தையுடன் என் இல்லம் வந்தாள். "ஐயா, நான் விரும்புற பாடத்துக்கு எனக்குத் தகுதி இருக்கா?" என்பதே அவள் கேள்வி. கைப்பேசியில் ஒரு பல்கலைக்கழகத்தின் தளத்தைத் திறந்தோம். துணைவேந்தர் வாழ்த்தினார், விருதுகள் அணிவகுத்தன. பொதுத் தகுதி ஓரிடத்தில், சிறப்புத் தகுதி வேறோரிடத்தில். கட்டணப் பட்டியலோ ஈராண்டுக்கு முந்தியது. ஒரு மணி நேரம் கழிந்தபின், "நமக்குத்தான் படிக்கத் தெரியலையோ, ஐயா?" என்றார் தந்தை. அச்சொல் என்னைச் சுட்டது. குற்றம் படித்தவருடையதன்று, எழுதியவருடையது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் கற்ற முதல் விதி. தளங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. புலம், துறை, பிரிவு எனத் தம் அலுவலக ஒழுங்கிலேயே தொடங்குகின்றன. மாணவிக்குத் தெரிந்தவையோ தன் தேர்ச்சியும் தன் விருப்பமும் தந்தையின் வருமானமுமே. பட்டதாரி பெற்றோரின் பிள்ளை ஐயத்தை உணவு மேசையிலேயே தீர்த்துக்கொள்ளும். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் பக்கமே துணை. ஆகவே எழுத்தின் குறை எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை.

நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்கிறோம். மெரிட் புள்ளியில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். "மெரிட் அடிப்படையில்" என்று மட்டும் எழுதினால் எவருக்கு விளங்கும்?

தளங்களைப் புதுப்பிக்கிறார்கள் என்பது மெய்யே. ஆனால் நிறமும் படமும் மாறுகின்றன, சொல் மாறுவதில்லை. அது பழைய குழம்பைப் புதுச் சட்டியில் ஊற்றுவது போலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரே பக்கம் வேண்டும்: என்ன கற்பிப்பார்கள், இருவகைத் தகுதியும் சேர்த்து என்ன, கட்டணம், விடுதி, உபகாரச் சம்பளம், இறுதி நாள், கேட்பதற்கு ஒரு தொலைபேசி எண். அப்பக்கத்தைக் கடைசியாகச் சரிபார்த்த நாளும் வேண்டும்.

ஆய்வாளருக்கும் கொடையாளருக்கும் தளம் பயன்பட வேண்டாமா எனலாம். வேண்டும், அவர்க்கு வேறு வாயில் வைக்கலாம். செலவாகும் என்பதும் பொருந்தாது. ஐவரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பான்மைக் குறைகள் வெளிப்படும் என ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆறாம் படிவ மாணவர் ஐவரை அழைத்து, அருகில் அமர்ந்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்தாற் போதும்.

மறுநாள் அம்மாணவி அக்கழகத்துக்கே தொலைபேசியில் பேசினாள். எழுத்தர் ஒருவர் இரண்டே நிமிடத்தில் யாவற்றையும் விளக்கினார். இறுதி நாளுக்கு முன் விண்ணப்பமும் சென்றது. அந்த எழுத்தர் சொன்னதை அப்படியே எழுதி முகப்பில் வைத்திருந்தால், ஒரு தந்தை தம் அறிவை ஐயுற்றிருக்க வேண்டியதில்லை.