எழுதி வைக்கும் வேலை: கட்டளை வரியின் பலமும் குறையும்

ஈரோட்டு மஞ்சளுக்கு நான்கு இடங்களில் ஏலம் நடக்கிறது. ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் இரண்டு; ஈரோடு, கோபிசெட்டிபாளையம் கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள் இரண்டு. விரலி மஞ்சளுக்கு ஒரு விலை, கிழங்கு மஞ்சளுக்கு ஒரு விலை. இரண்டிலும் குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்ற கணக்கும் உண்டு. இந்த விலைகளை ஒவ்வோர் இடத்துக்கும் நாளுக்கு ஒரு கோப்பாக ஒருவர் சேர்த்து வைக்கிறார் என்று கொள்வோம். ஆண்டுக்கு 250 ஏல நாள் என்றாலே 1,000 கோப்பு சேர்ந்துவிடும். விரலி மஞ்சள் குவிண்டாலுக்கு 15,000 ரூபாயைத் தாண்டிய நாட்கள் எவை என்று கேட்டால், மவுஸை மட்டும் நம்பியவர் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்க வேண்டும். கட்டளைகளைத் தட்டச்சிட்டு வேலை வாங்கும் டெர்மினல் திரையில் பழகியவர் ஒரே ஒரு வரி தட்டச்சிட்டு விடையைப் பெற்றுவிடுவார்.

இந்த வேகத்தைத்தான் கட்டளை வரியின் பெருமையாக எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வேகம் இரண்டாம்பட்சம். வேலை முடிந்த பிறகும் அந்த ஒரு வரி இருக்கிறதே, அதுதான் பெரிது. அதைச் சேமித்து வைத்தால் அடுத்த ஆண்டு விலைக்கும் அதுவே போதும். எந்தப் பத்தியைப் பார்த்தோம், எந்த எல்லையை வைத்தோம் என்பதையெல்லாம் இன்னொருவர் படித்துச் சரிபார்க்கலாம். தவறு இருந்தால் அது எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டலாம். நூறு தடவை கிளிக் செய்து முடித்த வேலைக்கு அப்படி ஒரு பதிவு மிஞ்சுவதில்லை. செய்தவர் வேலையை விட்டுப் போனால் செய்முறையும் அவரோடு போய்விடுகிறது.

கட்டளை வரி செழித்து வளர்ந்த யூனிக்ஸ் இயக்கமுறைமை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. ஒரு கருவி தரும் விடையை அடுத்த கருவிக்கு நேராக அனுப்பும் ‘பைப்’ ஏற்பாடு, டக் மெக்கில்ராய் என்பவரின் வற்புறுத்தலால் 1973இல் அதில் சேர்ந்தது. அதன் வலிமை 1986இல் ஓர் இதழில் வெளிப்பட்டது. ஒரு நூலில் அதிகம் வரும் சொற்களைக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதித் தருமாறு கணினி அறிஞர் டொனால்டு நூத்தை, அந்த இதழில் பத்தி எழுதிவந்த ஜான் பென்ட்லி கேட்டார். நூத் பல பக்கங்களில் நேர்த்தியான நிரல் ஒன்றை எழுதினார். அதற்குத் திறனாய்வு எழுதிய மெக்கில்ராய், ஏற்கெனவே இருந்த சின்னச் சின்னக் கருவிகளில் ஆறு கட்டளைகளைக் கோத்து அதே வேலையை முடித்துக் காட்டினார்.

படித்தவர்களுக்கு மட்டும்தான் கட்டளை வரி வரும் என்பது பரவலான எண்ணம். ஈரோட்டு ஜவுளிக் கடைகளைப் பார்த்த எவரும் இதை அப்படியே ஏற்க மாட்டார்கள். அங்கே பலர் கணக்கு எழுதுவது டேலி என்ற மென்பொருளில். நூற்பாலைகளுக்கு மூலப்பொருளும் உதிரிபாகமும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்குக்கு ஒத்துவரும் மென்பொருள் கிடைக்காமல் மகன் பாரத் கோயங்காவை எழுதச் சொன்னதில் 1986இல் தொடங்கியது அது. அதில் கைதேர்ந்தவர்கள் மவுஸைத் தேடுவதே இல்லை. எஃப்8 தட்டினால் விற்பனை, எஃப்9 தட்டினால் கொள்முதல். ரயில்வே முன்பதிவுக் கவுண்ட்டர்களிலும் நெடுங்காலம் வெறும் எழுத்துத் திரையும் விசைப்பலகையும்தான் இருந்தன. ஆகவே விசைகளை நினைவில் வைப்பது நம்மவர்களுக்குப் பெரிய பாரம் இல்லை.

ஆனால் டேலியின் திரையோரத்தில் எந்த விசைக்கு என்ன வேலை என்று எழுதியிருக்கும். கட்டளை வரியில் கண் சிமிட்டும் ஒரு கோடு மட்டும்தான் உண்டு. என்னென்ன செய்யலாம் என்று அது தானாகச் சொல்லாது; இது அதன் முதல் குறை. கேட்கத் தெரிந்தவருக்குத்தான் விடை. என்ன கேட்பது என்றே தெரியாத புதியவரை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. மெனுக்களைத் திறந்து பார்த்தே ஒரு மென்பொருளைக் கற்றுக்கொள்ளலாம் என்பது வரைகலைத் திரையின் உண்மையான வெற்றி. கட்டளை வரியின் அன்பர்கள் அந்த வெற்றியை மனம் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது குறை, இரக்கமின்மை. கோப்பை நீக்கும் ‘ஆர்எம்’ கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. ஒரு வகைக் கோப்புகளை மட்டும் நீக்க நினைத்து, ‘எந்தப் பெயரும்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறிக்குப் பின் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தால் அந்த அடைவில் உள்ள கோப்புகள் அத்தனையும் போய்விடும். இணையத்தில் கண்ட வரியைப் பொருள் புரியாமல் நகலெடுத்து, நிர்வாகி உரிமையோடு ஓட்டும் பழக்கம் இதைவிட ஆபத்தானது. படித்துச் சரிபார்க்கலாம் என்பது கட்டளை வரியின் பலம். படிக்காமல் ஓட்டுபவருக்கு அந்தப் பலம் ஒன்றுக்கும் உதவாது.

மூன்றாவது குறை தமிழரை நேராகத் தொடுவது. ஆகவே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மெக்கில்ராயின் அந்த ஆறு கட்டளைகளில் ஒரு தமிழ்க் கட்டுரையை நுழைத்தால் கிடைப்பது சொல்லே இல்லாத ஒரு வரி. ஆங்கில எழுத்து அல்லாத எதையும் வரிமாற்றமாக்கு என்பது முதல் கட்டளை. நம் எழுத்து முழுவதும் அங்கேயே அழிந்துபோகிறது. பிழைச் செய்தி கூட வராது. ‘ஈரோடு’ என்ற சொல்லின் எழுத்துகளை எண்ணச் சொன்னாலும் இதே கதைதான். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எண்ணித் தரும் ‘டபிள்யூசி’ கட்டளை யூனிகோடு குறியீடுகளை எண்ணி 5 என்கிறது, பைட்டுகளை எண்ணி 15 என்கிறது. யூனிகோடு எண்களின்படியே சொற்களை அடுக்கினால் ‘வ’வுக்கு முன்பே ‘ள’வும் ‘ழ’வும் வந்துவிடும், ‘ன’ போய் ‘ந’வை ஒட்டிக்கொள்ளும். திரையிலும் சிக்கல். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் அமைந்த பல டெர்மினல்களில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கின்றன, பத்திகள் கோணுகின்றன.

இதில் எதுவும் தீராத நோய் அல்ல. மெக்கில்ராயின் முதல் கட்டளையை ‘இடைவெளியை வரிமாற்றமாக்கு’ என்று திருத்தினால் தமிழ்ச் சொற்களும் வரிசையாக எண்ணப்படும். யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தின் பைட்டுகளுக்குள் இடைவெளியின் பைட் ஒருபோதும் வராது என்பதால் இது சாத்தியம். சில இடங்களில் அந்த 5 என்ற கணக்கே நமக்கு உதவுகிறது. ‘ஈரோடு’ என்று தேடினால் ‘ஈரோட்டில்’, ‘ஈரோட்டுக்கு’ எல்லாம் தப்பிவிடும். தேடித் தரும் ‘கிரெப்’ கட்டளையிடம் ‘ஈரோட’ என்று கொடுத்தால் எல்லாமே சிக்கும். உகரக் குறியும் புள்ளியும் தனிக் குறியீடுகள் என்பதால் ‘ஈரோட’வின் நான்கு குறியீடுகளும் இந்த எல்லாச் சொல்லுக்கும் பொது. எழுத்தாக எண்ணுவதற்கும் அகரவரிசையில் அடுக்குவதற்கும் முத்து அண்ணாமலை தொடங்கிய ‘ஓப்பன்-தமிழ்’ பைத்தான் தொகுப்பு இருக்கிறது. கட்டளை வரி திருத்த இடம் கொடுக்கிறது. ஆனால் திருத்தும் உழைப்பைத் தமிழ் பயன்படுத்துபவர் தலையில் சுமத்துகிறது.

கற்பிப்பதற்கான வாய்ப்புகள் நம்மிடம் குறைவாக இல்லை. 2011 முதல் மாணவர்களுக்கு அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய, யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த பாஸ் லினக்ஸும் வந்தது. பொறியியல் கல்லூரிகளின் இயக்கமுறைமை ஆய்வகத்தில் யூனிக்ஸ் கட்டளைகள்தான் தொடக்கப் பயிற்சி. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் இவற்றையெல்லாம் தமிழில் எழுதிக் குவித்திருக்கிறது, து. நித்யாவின் ‘எளிய தமிழில் குனு/லினக்ஸ்’ இலவச நூலாகவே கிடைக்கிறது. இருந்தும் ஆய்வகத்தில் நடப்பது பெரும்பாலும் மனப்பாடம். ரெக்கார்டு நோட்டில் கட்டளையின் பெயர், பயன், வெளியீடு என்று எழுதி, கையெழுத்து வாங்கி, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். கட்டளையின் பெயரை நினைவில் வைப்பதில் கல்வி இல்லை. ஒரு பெரிய வேலையைச் சிறு படிகளாக உடைத்து, அவற்றை வரிசையாக எழுதத் தெரிவதில்தான் இருக்கிறது. பெயர் மறந்தால் கையேட்டைப் புரட்டலாம்; உடைக்கத் தெரியாவிட்டால் எந்தக் கையேடும் கைகொடுக்காது.

படம் திருத்துவது, துணிக்கு டிசைன் போடுவது, ஒரே ஒரு கடிதம் தட்டச்சுவது போன்றவற்றுக்கு வரைகலைத் திரைதான் சரி. அங்கே டெர்மினலை வற்புறுத்துவது வீண் பெருமை. மீண்டும் மீண்டும் வரும் வேலை, எண்ணிக்கையில் பெருகும் வேலை, பிறர் சரிபார்க்க வேண்டிய வேலை, தொலைவில் உள்ள சர்வரில் செய்யும் வேலை ஆகிய நான்குக்கும் கட்டளை வரிக்கு ஈடில்லை. கொங்குப் பகுதியின் கல்லூரிகள் பாடநூல் பயிற்சிக்குப் பதிலாக மஞ்சள் ஏல விலையையோ நூல் விலையையோ மாணவர் கையில் கொடுத்து, தமிழ்ப் பெயர்களோடே அவற்றை அலசச் சொல்லலாம். அப்போது மாணவர்கள் இந்தக் கருவியின் பலத்தைத் தங்கள் ஊர்க் கணக்கில் காண்பார்கள். தமிழுக்கு அது எங்கே இடறுகிறது என்பதையும் காண்பார்கள். அந்த இடறல்களைத் திருத்தப் போகிறவர்களும் அவர்களிலிருந்துதான் வர வேண்டும்.