வந்திருப்பது யார் என்று கேட்காத விதிகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் வீட்டுக்கு வீடு சொந்த விதி வைத்திருப்பார்கள். அதில் ஓயாத தகராறு, வேற்றுலக உயிர்களை வரவழைக்கும் மந்திரங்களைப் பற்றித்தான்.

2014 பதிப்பின் 'கான்ஜூர் அனிமல்ஸ்' மந்திரத்தைப் பாருங்க. ஒரே மூச்சில் எட்டு ஓநாய் வரலாம். எட்டுக்கும் பகடை உருட்டி, எட்டுக்கும் உயிர்க்கணக்கு எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் போனை எடுத்துவிடுவார். அதனால் பல வீடுகளில் "ரெண்டுக்கு மேல கூடாது" என்று விதி. 2024 பதிப்பில் ஓநாய்களையே எடுத்துவிட்டார்கள். நகரும் ஆவிக்கூட்டம் ஒன்று, கிட்டப் போனால் அடி. ஆட்டம் வேகமாகிவிட்டது, ஆனால் வந்தவர் என்று யாருமே இல்லை!

என் குறை இதுதான். எல்லா விதியும் எண்ணிக்கையைத்தான் சரிசெய்கிறது. எங்க தொழிலில் ஃபங்ஷனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறார்கள். 'யார் நீ' என்று கேட்பதில்லை.

கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் இது நேர் எதிர். மாசி சிவராத்திரிக்கு குலசாமி கோயிலில் நின்றவர்களுக்குத் தெரியும். உடுக்கை அடித்து அழைக்கிற கோடாங்கி ஒருத்தர், அருள் இறங்குவது இன்னொருத்தர் மேல். இறங்கியதும் முதல் கேள்வி, "வந்திருக்கிறது யாரு?" கருப்பசாமியா, அம்மனா, செத்துப்போன யாராவதா? பெயர் சொல்லணும். அடுத்து, "என்ன குறை, என்ன வேணும்?" சொல்கிற குறி சரியில்லை என்றால் கூட்டத்தில் இருக்கிற கிழவியே குறுக்குக் கேள்வி போடும். எல்லாம் பேசி, விபூதி கொடுத்த பிறகுதான் சாமி மலையேறும்.

ஆட்டத்திலும் இதற்குப் பக்கத்தில் வருகிற விதிகள் உண்டு. 2014இன் 'கான்ஜூர் எலிமென்டல்' மந்திரத்தில், அழைத்தவரின் கவனம் கலைந்தால் பூதம் மறையாது, எதிரியாகத் திரும்பும். 'பிளேனார் ஆலி'யில் வந்தவர் கட்டுப்பட்டவர் இல்லை, கூலி பேசணும். நிமிஷத்துக்கு 100 பொன், மணிக்கு 1,000 என்று வாடகைக் கார் கணக்கில் போட்டிருப்பதுதான் சிரிப்பு. நம்ம சாமி கேட்பது மறந்துபோன நேர்ச்சையை.

அதற்காகக் கோடாங்கி முறையை அப்படியே மேசைக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணின் முடியைப் பிடித்து, அடித்துக் கேட்பதும் இதே "யாரு நீ?"தான். அந்தக் கேள்வியில் பதில் ஏற்கனவே முடிவாகியிருக்கிறது. சங்க அகப்பாடல்களின் வெறியாட்டிலும் இதே சிக்கல். மகள் மெலிந்தது முருகனால் என்று நினைத்துத் தாய் வேலனை அழைக்கிறாள், காரணம் காதல் என்பது தோழிக்குத் தெரியும். அழைப்பு சடங்கு பிசகாமல் நடக்கிறது, நோய்க்கான காரணம்தான் தப்பு.

ஆட்டத்துக்கு ஏற்ற இடம் அந்தத் தப்புதான். என் வீட்டு விதி இப்படி இருக்கும்: அழைப்பவர் ஒரு ஆட்டக்காரர், தாங்குபவர் இன்னொருவர். ஆட்டம் நடத்துபவர் வந்தவரின் பெயரைத் தாங்குபவரிடம் மட்டும் சீட்டில் எழுதிக் கொடுப்பார். மற்றவர்களுக்கு மூன்று கேள்வி. அதற்குள் பெயர் தெரியாவிட்டால், வந்தவர் தன் இஷ்டத்துக்கு நடப்பார், கிளம்புவதும் அவர் இஷ்டம்.