எந்தத் தோட்டம், தம்பி?

இலங்கையின் ஹட்டனில் டிக்கோயா பஸ் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த வயதான அம்மா கேட்டார்: "எந்தத் தோட்டம், தம்பி?" மலையகத்தில் முன்பின் தெரியாத இருவர் பேசத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான். தோட்டத்தைச் சொன்னால் எந்த டிவிசன் என்பார்கள். அதையும் சொன்னால் எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), யார் வீட்டுப் பிள்ளை என்று பேச்சு உறவில் போய் நிற்கும். நான் திருச்சிக்காரன் என்றேன். அவர் என் பக்கம் முழுதாகத் திரும்பினார். "எங்கக்கா கோத்தகிரிப் பக்கம் போச்சுங்க. கோச்சி ஏத்திவிட நாங்கல்லாம் ஸ்டேஷனுக்கு வந்தோம். நீங்க அந்தப் பக்கம் போயிருக்கீங்களா?"

தனிவழிப் பயணத்தில் எதிர்ப்பட்ட மனிதர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்த மலைகளும் அதில் இடம்பெற்றவைதான். அந்த எழுத்துகளைத் தேடிப் படித்த எனக்கு ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதியவர் ஏறக்குறைய எப்போதும் வந்தவர். எதிர்ப்பட்டவர் என்ன நினைத்தார் என்பது அவரோடே போய்விட்டது.

1344-இல் மாலைத்தீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று இலங்கையில் ஒதுக்கியது. அங்கே தற்செயலாகச் சந்தித்த தமிழ் மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி, அவர் சிவனொளிபாதமலைக்குச் செல்லப் பல்லக்கும், வழித்துணைக்கு யோகிகளும் பிராமணர்களும் சுமைகாரர்களும் கொடுத்தனுப்பினான். மன்னனைப் பற்றிப் பயண நூல் விரித்துப் பேசுகிறது. சுமை தூக்கி மலை ஏறியவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே வருகிறார்கள்.

ஐந்து நூற்றாண்டுகள் கழிந்த பிறகும் இந்த நிலை பெரிதாக மாறவில்லை. புகைப்படக் கலையின் முன்னோடி ஜூலியா மார்கரெட் கேமரன் 1875-இல் இலங்கையில் குடியேறி, 1879-இல் டிக்கோயா கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவை மாதா கோயில் வளவில் அடக்கம் செய்யப்பட்டார். உலகைத் தனியாகச் சுற்றிய ஓவியர் மேரியன் நோர்த் களுத்துறையில் கேமரன் வீட்டில் தங்கியிருக்கிறார். ஒரு மனிதரின் முதுகின் அழகைக் கண்டு, வீட்டில் தோட்டமே இல்லாதபோதும் கேமரன் அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளச் செய்ததை நோர்த் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த மனிதரின் முதுகு நமக்குத் தெரியும், பெயர் தெரியாது. கேமரன் இலங்கையில் எடுத்து இன்று எஞ்சியிருக்கும் சொற்பப் படங்களில் நம்மை நேராகப் பார்க்கும் தொழிலாளர் முகங்களும் பெரும்பாலும் பெயரற்றவையே.

அந்த முகங்களுக்கு உரியவர்கள் ஏன் பயணம் எழுதவில்லை என்று கேட்பவர்கள் 'துண்டு' முறையை நினைக்க வேண்டும். கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் சீட்டுதான் துண்டு. அது கையில் இல்லாத தொழிலாளி வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. 1921-இல்தான் அது ஒழிந்தது. மன்னார் வழியே காட்டுப்பாதையில் நடந்து வந்ததும் கங்காணியின் பின்னால், கூட்டமாக. தனியாக, நினைத்த திசையில் போவது இவர்களுக்கு வாய்க்கவே இல்லை.

வெளியார் தோட்டங்களுக்குள் வரவும் தடை இருந்தது. தஞ்சாவூரிலிருந்து 1915-இல் வந்த கோ. நடேசய்யர் அந்தத் தடையைத் தாண்டப் புடவை வியாபாரியாக வேடமிட்டார். மூட்டையைப் பிரித்துச் சேலை காட்டும் நேரம்தான் அவருக்குக் கிடைத்த நேரம். அதற்குள் லயத்து மக்கள் படும் பாடுகளைக் கேட்டுக்கொண்டார். கேட்டதை அவர் மறக்கவில்லை. 1931-இல் ஹட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். இந்த மலைகளில் நிகழ்ந்ததாக நான் அறிந்த சந்திப்புகளில் மிகப் பெரிய விளைவு கண்டது இதுதான். சாரல்நாடன் எழுதிய நடேசய்யர் வரலாறு இந்த வகையிலும் வாசிக்கத்தக்கது.

தோட்டத்துக்குள்ளேயே பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை எழுத வந்தபோது பார்வை திசைமாறியது. லயத்து வாசலில் நின்று, வருகிறவரையும் போகிறவரையும் பார்த்து எழுதியவர் அவர். தொழிலாளர் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்ததன் வழியே, கேட்கப்படாமல் இருந்த குரல்களையும் அச்சில் ஏற்றினார்.

எழுத்தில் அதிகம் வராத இன்னொரு சந்திப்பு வெளியும் இங்கே உண்டு. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை யாத்திரிகர்கள் சிவனொளிபாதமலைக்குச் செல்லும் பாதைகளில் ஒன்று டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாகப் போகிறது. இறங்கி வரும் சிங்கள யாத்திரிகர்கள் ஏறுகிறவர்களைப் பார்த்து "கருணாவய்" என்று வாழ்த்துவார்கள். எந்த ஊர், எந்த மொழி என்று விசாரித்துவிட்டு அந்த வாழ்த்தைச் சொல்வதில்லை.

இனிச் செய்ய வேண்டிய வேலை அவசரமானது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. ஸ்டேஷன்களில் அழுது பிரிந்து, தலைமன்னார் வரை ரயிலிலும் பிறகு கப்பலிலும் போன அந்தத் தலைமுறையில் இன்னும் சிலர் இரு கரையிலும் இருக்கிறார்கள். வழியில் தண்ணீர் கொடுத்தவர், ஏமாற்றியவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டவர் என்று அவர்கள் கண்ட அந்நியர்களின் கதை அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. இரு கரைப் பல்கலைக்கழகங்களும் சிற்றிதழ்களும் ஒலிப்பதிவுக் கருவியோடு இப்போதே அவர்களிடம் போக வேண்டும்.

கோத்தகிரிக்கு நான் போனதில்லை என்றதும் அந்த அம்மா தலையசைத்துக்கொண்டார். டிக்கோயாவில் இறங்கும்போது, "பாத்து எறங்குங்க தம்பி" என்றார். பஸ் வளைவில் மறைந்த பிறகுதான், அவர் அக்காவின் பெயரைக் கேட்கவில்லை என்பது உறைத்தது. அவர் பெயரையும்தான்.