வேடமும் மெய்ம்முகமும்

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைத்த தொல்காப்பியர், அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினின்று பிறக்கும் என்றார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பின்னிரவில் ஒளிபரப்பாகும் அங்கதப் பேட்டிகளோ எள்ளல் ஒன்றையே பெரும்பாலும் முதலாகக் கொண்டு நடப்பவை. அத்தகைய அரங்கில் நல்ல எழுத்தாளர் ஒருவர் சென்று அமர்ந்தால், அவரது எழுத்தின் மதிப்பு உயருமா, தாழுமா? இவ்வினாவுக்கு விடை தரும் பேட்டி ஒன்றை ஈண்டுக் காண்போம்.

2005 முதல் 2014 வரை நடைபெற்ற ‘கோல்பேர் ரிப்போர்’ நிகழ்ச்சியில் ஸ்டீபன் கோல்பேர் தம் பெயரிலேயே ஒரு வேடம் புனைந்திருந்தார். எல்லாம் அறிந்தவர்போல் முழங்கும் அரசியல் விமரிசகர் வேடம் அது. பேதைமையைத் தாமே மேற்கொண்டு எதிரிலிருப்பவரைத் தடுமாறச் செய்வது அவர் கலை. 2012 ஜனவரியில் அவர், குழந்தைகளுக்கான படநூல்களால் புகழ்பெற்ற மாரிஸ் சென்டாக்கைப் பேட்டி கண்டார். சென்டாக்குக்கு அப்போது வயது 83.

போலந்திலிருந்து குடிபெயர்ந்த யூதப் பெற்றோருக்கு 1928இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர் சென்டாக். 1963இல் வெளிவந்த ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ என்னும் நூல், மறு ஆண்டே கால்டிகாட் பதக்கம் பெற்றது. குறும்பு செய்து, இரவுணவின்றி அறைக்கு அனுப்பப்பட்ட மேக்ஸ் என்னும் சிறுவன், கொடிய உருவங்கள் வாழும் நாட்டுக்கு அரசனாகி, பின் வீட்டு நினைவு வந்து திரும்புகிறான். உணவு சூடு ஆறாமல் காத்திருக்கிறது. இளமையில் தம் வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளிய உறவினர்களையே அவ்வுருவங்களாகத் தீட்டியதாகச் சென்டாக் கூறியுள்ளார். ‘அப்படியே தின்றுவிடலாம் போலிருக்கிறது’ என்று கொஞ்சும் சுற்றத்தாரை, தில்லியிலும் மும்பையிலும் வளரும் நம் குழந்தைகளும் அறிவர் அன்றோ!

பேட்டியில் கோல்பேர், தாமும் ஒரு குழந்தை நூல் எழுதிப் பொருள் ஈட்ட விரும்பும் பிரமுகராக நடித்தார். குழந்தைகளுக்கென்று ஏன் எழுதுகிறீர்கள் என்று வினவினார். தாம் அவ்வாறு எழுதுவதில்லை என்றும், எழுதியதைப் பிறர்தாம் குழந்தைகளுக்குரியது என்கின்றனர் என்றும் சென்டாக் விடையிறுத்தார். குழந்தைகளைப் பிடிக்குமா என்ற கேள்விக்கு, பெரியவர்களைப் போலவே அவர்களிலும் மிகச் சிலரையே பிடிக்கும் என்றார். நகையின் வலிமை இங்கு இடம் மாறுகிறது. வேடதாரியிடம் சிக்குவோர் பெரும்பாலும் தாமும் ஒரு வேடம் பூண்டவர்கள். அது கலையும்போது அவையோர் சிரிப்பர். சென்டாக்கிடம் கலைப்பதற்கு ஒன்றும் இல்லை. மெய்ம்முகத்தோடு அமர்ந்திருந்தவர் முன்னே, கோல்பேரின் முகத்திலும் வேடத்தை மீறிய சிரிப்பு எட்டிப் பார்த்தது.

எனினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இப்பேட்டியை மட்டும் கண்டவர், சென்டாக்கைச் சுவையாகச் சீறும் ஒரு முதியவர் என்றே எண்ணுவர். சில திங்கள் முன், 2011 செப்டம்பரில், டெரி குரோசுடன் வானொலியில் உரையாடியபோது, மறைந்த நண்பர்களை எண்ணிக் கலங்கியவரும், உலகைப் பிரிய மனமின்றி அதன் அழகை வியந்தவரும் இவரே. நகையை அடுத்து அழுகையை வைத்த தொல்காப்பிய வைப்புமுறை ஈண்டு நினையத்தக்கது. அங்கத அரங்கில் முதலாவதற்கே இடம் கிடைத்தது. இரண்டாவதை அறிய அவர் நூல்களையே நாட வேண்டும்.

குழந்தைகளிடம் பொய் சொல்லலாகாது என்பதே அந்நூல்களின் உயிர். அதற்காக அவர் கண்டனங்களையும் ஏற்றார். 1970இல் வந்த ‘இன் தி நைட் கிச்சன்’ நூலில் ஆடையின்றி நின்ற சிறுவனுக்குச் சில நூலகர்கள் மையால் அரையாடை வரைந்துவிட்டனர். அச்சத்தையும் சினத்தையும் குழந்தையிடமிருந்து மறைக்க முயலும் பெற்றோர் அனைவரும் ஒருவகையில் அந்நூலகர்களே. வேற்றூரில் பிள்ளை வளர்க்கும் நாம், ஊர் விட்டு வந்த ஏக்கத்தையும் தாத்தாவின் மறைவையும் அவர்களிடம் மூடி மறைக்கிறோம். மூடியதைப் பிள்ளைகள் எப்படியும் அறிந்துகொள்கின்றனர். துணையின்றித் தனியே அறிகின்றனர் என்பதே வேறுபாடு.

கோல்பேர் நடிப்புக்கிடையே தொடங்கிய படநூல், கம்பம் ஒன்றைக் கதைத் தலைவனாகக் கொண்டு மெய்யாகவே வெளிவந்தது. அந்நூல் தமக்குப் பிடித்திருப்பதுதான் துயரம் என்ற சென்டாக்கின் கூற்றே பாராட்டுரையாக அதனோடு சேர்ந்தது. நூல் வெளியான 2012 மே 8ஆம் நாளே சென்டாக் மறைந்தார். பாராட்டிலும் பொய் கலக்காத பேனா அது.