சோதனைக்குச் சம்மதித்தவர் யார்?

'இது சோதனை' என்று எழுதி ஒட்டிவிட்டால் அதை நம்பி யாரும் வீடு கட்டமாட்டார்கள் என்பது நிரல்மொழி செய்கிறவர்களின் நம்பிக்கை. கட்டத்தான் செய்வார்கள். தற்காலிகம் என்று வந்த சட்டங்களின் கதை நமக்குத் தெரியாததா என்ன.

2015இல் மைக்ரோசாஃப்டின் டைப்ஸ்கிரிப்ட் 1.5 பதிப்பில் டெக்கரேட்டர் வந்தது. விஷயம் சின்னதுதான். ஒரு வகுப்பின் தலைமேல் '@' குறியோடு ஒரு பெயரை எழுதினால் அதன் நடத்தையை வெளியிலிருந்தே மாற்றலாம். ஜாவாஸ்கிரிப்டின் தரத்தை முடிவுசெய்யும் டி.சி.39 குழுவின் முன் அது அப்போது வெறும் முன்மொழிவு. எனவே 'எக்ஸ்பெரிமென்டல் டெக்கரேட்டர்ஸ்' என்ற விசையை நாமே போட்டால்தான் வேலை செய்யும். நேர்மையான ஏற்பாடு மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் 2016இல் வெளிவந்த கூகுளின் ஆங்குலர் 2, இந்தக் குறியின் மேலேயே எழுப்பப்பட்டது. ஆங்குலரில் எழுத வருகிறவருக்கு விசை ஏற்கெனவே போட்டே கிடைக்கும். தான் சோதனைக்குள் இருப்பதே அவருக்குத் தெரியாது. 'விரும்பினால் போட்டுக்கொள்' என்ற சொல்லாடலில் விரும்புகிறவர் யார் என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது.

குழு தன்பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தது. வடிவம் பலமுறை மாறி, 2022 மார்ச்சில்தான் மூன்றாம் கட்டத்தை எட்டியது. 2023இல் டைப்ஸ்கிரிப்ட் 5.0 புதிய வடிவத்தை ஏற்றுக்கொண்டது. பழையதும் புதியதும் ஒத்துப்போகவில்லை. செயற்கூறின் உள்ளீடுகள்மேல் ஒட்டிவந்த குறிக்குப் புதியதில் இடமே கிடையாது. ஆக, பழைய விசையைப் பிடுங்க முடியவில்லை.

பயன்பாடுதானே மொழியை ஆக்குகிறது, குழு யார் தடுக்க என்று சிலர் கேட்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே பயன்பாட்டைத் தீர்மானித்தது வெகுமக்கள் அல்ல. ஒரு பெருநிறுவனத்தின் மொழிமேல் இன்னொரு பெருநிறுவனம் வைத்த பந்தயம். ரஸ்ட் மொழிக்காரர்கள் கறாராக இருக்கிறார்கள்: நிலைப்பதிப்பில் சோதனைக் கூறு எதுவும் ஓடாது, வேண்டுமென்றால் தினப்பதிப்புக்குப் போ. இதுவே மேல் என்பேன். கதவை இறுகச் சாத்தினால் உள்ளே வந்து உடைத்துப் பார்ப்பவர்களும் குறைந்துபோவார்கள் என்பதும் தெரிந்துதான் சொல்கிறேன்.

டைப்ஸ்கிரிப்டில் நடந்தது வேறு. ஒரே '@' குறிக்கு அங்கே இரண்டு இலக்கணம். எது செல்லும் என்பதை முடிவுசெய்வது, எழுதுகிறவர் பெரும்பாலும் திறந்தே பார்க்காத அமைப்புக் கோப்பிலுள்ள ஒரு வரி.