இரண்டு நுகங்கள்: மெய்வாக்கும் பொய்வாக்கும்

கிறித்தவ மறைநூலைத் தமிழில் கற்போர் ஒரே பொருளுக்கு இரண்டு சொற்களைக் காண்பர். சீர்திருத்தச் சபையினரிடையே நெடுங்காலமாக வழங்கும் மொழிபெயர்ப்பில் உள்ளது ‘தீர்க்கதரிசி’ என்பது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் கூடி ஆக்கி, 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் உள்ளது ‘இறைவாக்கினர்’ என்பது. முன்னது தொலைவில் உள்ளதைக் காண்பவர் எனப் பொருள்படும். பின்னது இறைவனின் வாக்கை உரைப்பவர் எனப் பொருள்படும். ஒன்று கண்ணைச் சார்ந்தது. மற்றொன்று வாயைச் சார்ந்தது. இவற்றுள் எதனை மனத்திற்கொண்டு படிக்கிறோமோ, அதற்கேற்பவே மெய்வாக்கையும் பொய்வாக்கையும் பிரித்தறியும் முறையும் மாறுபடும். அம்மாறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் வரலாறு

எபிரேய மூலத்தில் பெரிதும் பயிலும் சொல் ‘நாபி’ என்பது. அழைக்கப்பட்டவர் என்றோ, அழைத்துரைப்பவர் என்றோ இதற்கு அறிஞர் பொருள் கூறுவர். யாத்திராகமத்தில் மோசே திக்குவாயினால் தயங்கியபோது, அவருடைய வாயாக ஆரோன் அமர்த்தப்படுகிறார். பின்னர் அதே ஆரோனை ‘நாபி’ என்றே அந்நூல் குறிக்கிறது. பிறர்பொருட்டு வாயாக நிற்பவர் என்பதே அச்சொல்லின் உயிர்நிலை என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் ‘காண்பவர்’ என்னும் கருத்தும் அந்நாட்டிற்குப் புதியதன்று. காணாமற்போன கழுதைகளைத் தேடிச் சென்ற சவுல், வழி கேட்கச் சாமுவேலிடம் வருகிறார். இப்போது ‘நாபி’ எனப்படுபவர் முற்காலத்தில் ‘காண்பவர்’ எனப்பட்டார் என்னும் விளக்கத்தை நூலாசிரியரே அவ்விடத்தில் தருகிறார். குறி கேட்கும் வழக்கிலிருந்து வாக்குக் கேட்கும் வழக்கிற்கு ஒரு சமுதாயம் நகர்ந்ததற்கு இது சான்று. ‘தீர்க்கதரிசி’ என்னும் மொழிபெயர்ப்பு அப்பழைய சொல்லுக்கு நன்கு பொருந்தும். ‘நாபி’க்கு அத்துணை பொருந்தாது.

வாக்கின் ஆற்றல்

எபிரேயத்தில் ‘தாபார்’ என்னும் ஒரு சொல்லே ‘சொல்’ என்றும் பொருள்படும். ‘செயல்’, ‘காரியம்’ என்றும் பொருள்படும். ஆதியாகமத்தில் இறைவன் சொல்லுகிறார், உலகம் உண்டாகிறது. கண் மங்கிய ஈசாக்கு ஆள் தவறி யாக்கோபுக்கு ஆசி கூறிவிடுகிறார். உண்மை தெரிந்த பின்னும் அதை மீட்க அவரால் இயலவில்லை. வானத்திலிருந்து இறங்கிய மழை நிலத்தை விளைவிக்காமல் திரும்பாததுபோல் இறைவாக்கும் வெறுமையாய்த் திரும்பாது என்னும் உவமை ஏசாயா நூலில் வருகிறது. வாக்குப் பலிக்கும் என்று நம்பும் நமக்கு இவை அயலாகத் தோன்றா.

ஆனால் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மழையை மண்ணுக்கு அனுப்புவது வானமே. நிலம் அதனைப் பெற்றுக்கொள்கிறது. வாக்கின் ஆற்றலும் அனுப்பியவரிடத்து உள்ளது; உரைப்பவர் நாவில் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் கெனத் ஹேகின் (1917–2003) போன்றோர், நம்பியதை வாயால் அறிக்கையிடின் அது கைகூடும் என்று போதித்தனர். மலையை நோக்கிப் பெயர்ந்து போ என்று சொல்பவரைப் பற்றி மாற்கு நற்செய்தியில் வரும் பகுதியை அவர்கள் சான்று காட்டுவர். அதற்கு முந்திய தொடரில் இயேசு கேட்பது இறைவனிடத்து நம்பிக்கையே. பிந்திய தொடரில் கூறுவதும் வேண்டுதலையே. முன்னும் பின்னும் நீக்கி நடுவை மட்டும் எடுத்தால், வேண்டுதல் ஆணையாக மாறிவிடும்.

எருசலேமில் ஒரு வழக்கு

மெய்யும் பொய்யும் நேருக்கு நேர் நின்ற இடம் எரேமியா நூலின் 28-ஆம் அதிகாரம். கி.மு. 597-இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, அரசன் எகொனியாவையும் ஆலயப் பொருள்களையும் கொண்டு சென்றான். சிதேக்கியாவை அரியணையில் அமர்த்தினான். சிதேக்கியாவின் நான்காம் ஆட்சியாண்டில் எரேமியா கழுத்தில் மரநுகம் பூண்டு வந்து, பாபிலோனுக்குப் பணிந்து உயிர் பிழையுங்கள் என்றார். கிபியோன் ஊரினரான அனனியா ஆலயத்தில் அனைவர் முன்பும் எதிர்வாக்கு உரைத்தார்: இரண்டு ஆண்டுகளுக்குள் பொருள்களும் அரசனும் திரும்பி வருவர், பாபிலோனின் நுகம் முறிந்தது.

இங்கே மூலநூலின் நடையைப் போற்றாதிருக்க இயலாது. எபிரேயம் இருவரையும் ‘நாபி’ என்றே குறிக்கிறது. இருவரும் இறைவன் பெயராலேயே பேசுகின்றனர்; முன்னுரைத் தொடரும் ஒன்றே. கிரேக்க மொழிபெயர்ப்போ முதல் தொடரிலேயே அனனியாவைப் ‘பொய்த் தீர்க்கதரிசி’ என்று பெயர்த்துவிட்டது. இதனால் படிப்பவருக்குத் தெளிவு கிடைத்தது. ஆனால் கதையின் உயிர் போயிற்று. அன்று ஆலய முற்றத்தில் நின்றவர்க்கு அத்தகைய அடைமொழி எதுவும் கிட்டவில்லை. தமிழ் மொழிபெயர்ப்புகள் எபிரேயத்தைப் பின்பற்றியமை பாராட்டத்தக்கது. இக்கட்டுரையிலும் இருவருக்கும் ஒரே மரியாதை விகுதி வழங்கப்படுவது அது கருதியே.

அனனியா வஞ்சகர் என்று நூல் தொடக்கத்தில் சொல்லவில்லை. அவர் கூறியதற்கு முன்மாதிரியும் இருந்தது. ஒரு நூற்றாண்டிற்கு முன், கி.மு. 701-இல், அசீரியர் எருசலேமை வளைத்தபோது நகரம் காக்கப்படும் என்று ஏசாயா உரைத்தார், அவ்வாறே காக்கப்பட்டது. பகைவர் நுகம் முறியும் என்பதும் ஏசாயா நூலில் உள்ள உருவகமே. அனனியா பழைய மெய்யை மீண்டும் ஓதினார். காலம் மாறியதை அவர் காணவில்லை. ஒரு தலைமுறைக்கு மருந்தான சொல் மற்றொரு தலைமுறைக்கு நஞ்சாகலாம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

எரேமியாவின் மறுமொழி வியப்பிற்குரியது. “ஆமென், அவ்வாறே ஆகுக” என்று முதலில் வாழ்த்துகிறார். பின்னர், அமைதியை முன்னறிவிப்பவரின் வாக்கு நிறைவேறும்போதே அவர் அனுப்பப்பட்டவர் என்பது தெளியப்படும் என்கிறார். அனனியா அந்நுகத்தைப் பிடுங்கி முறிக்கிறார். எரேமியா வாதாடாமல் தம் வழியே போய்விடுகிறார். மரநுகத்திற்கு ஈடாக இரும்பு நுகம் வரும் என்னும் வாக்கு அவருக்குப் பின்னரே கிடைக்கிறது. பிறிதோரிடத்தில் மக்கள் வாக்குக் கேட்டபோது, பத்து நாள் காத்திருந்தே அவர் விடை கூறினார். வாக்கு வராதபோது வாய்மூடி இருத்தலும் மெய்வாக்கினரின் இலக்கணம் போலும்!

அளவைகளும் அவற்றின் எல்லையும்

உரைத்தது நடவாவிடின் அஃது இறைவாக்கன்று என்பது உபாகமம் 18-ஆம் அதிகாரம் தரும் அளவை. இவ்வழக்கில் அது பயன்பட்டது. அதே ஆண்டின் ஏழாம் மாதத்தில் அனனியா இறந்தார், அவர் சொன்ன ஈராண்டும் வீணே கழிந்தன. ஆனால் கேட்போர் முடிவு செய்ய வேண்டிய நாள் அன்றே வந்துவிட்டது. ஏதோம், மோவாப், தீரு முதலிய நாடுகளின் தூதர்கள் அக்காலத்தில் எருசலேமில் கூடியிருந்தனர். சிதேக்கியா பின்னர்க் கிளர்ச்சி செய்தான், கி.மு. 587-ஐ ஒட்டி நகரமும் ஆலயமும் எரிந்தன. நிறைவேறுகிறதா என்று பார்த்திருந்து அறிவது, வீடு வெந்தபின் தீயை அறிவதை ஒக்கும்.

மேலும் அவ்வளவை இருபுறமும் வழுக்குவது. அடையாளம் பலித்தாலும் வேறு தெய்வத்தின்பால் ஈர்ப்பவரை ஏற்காதீர் என்று உபாகமம் 13-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. யோனா நாற்பது நாளில் நினிவே அழியும் என்றார். மக்கள் மனந்திருந்தினர், நகரம் அழியவில்லை. கண்ணின் கணக்குப்படி அவர் தோற்றார். வாக்கின் கணக்குப்படி வென்றார். தீர்க்கதரிசனத்தை எதிர்கால அறிவிப்பாக மட்டும் கொள்வோர் யோனாவிடம் வந்து முட்டிக்கொள்வது இதனாலேயே.

அப்படியாயின் அழிவு கூறுவோரெல்லாம் மெய்யரோ? அல்லர். பகைவர் எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது எரேமியா ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு வெள்ளிச் சேக்கலுக்கு வாங்கினார். அந்நாட்டில் மீண்டும் வீடும் வயலும் வாங்கப்படும் என்னும் தம் சொல்லுக்குத் தாமே விலை கொடுத்தார். இதற்கு மறுதலையாக, வாய்க்கு உணவிடுவோருக்குச் சமாதானமும் இடாதோருக்குப் போரும் கூறுவோரை மீகா இடித்துரைக்கிறார்.

இவ்வளவையை ஆதித் திருச்சபையும் மறக்கவில்லை. பிலோத்தேயு பிரையேனியு 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுத்து 1883-இல் பதிப்பித்த ‘திதகே’ என்னும் தொன்னூல், ஆவியின் பெயரால் தமக்குப் பணம் கேட்பவருக்குச் செவிகொடாதீர் என்கிறது. கற்பித்தபடி நடவாதவரையும் பொய்யர் என்கிறது. பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியபோது, இருவர் மூவர் உரைக்கட்டும், மற்றோர் நிறுத்துப் பார்க்கட்டும் என்று பணித்தார். உரைப்பவருக்கு வாய் எவ்வாறோ, அவ்வாறே சபைக்குச் செவியும் சீர்தூக்கும் கடமையும் உண்டு என்பது இதன் கருத்து.

‘இறைவாக்கினர்’ என்னும் சொல்லின் சிறப்பும் இதுவே. ‘தீர்க்கதரிசி’யிடம் நாம் கேட்பது “என்ன நடக்கும்?” என்பது. ‘இறைவாக்கின’ரிடம் கேட்க வேண்டியது “யான் என் செய்தல் வேண்டும்?” என்பது. பழஞ்சொல்லை நூலிலிருந்து அகற்ற வேண்டியதில்லை. பல தலைமுறையினர் அதனோடு வேண்டி வாழ்ந்துள்ளனர். ஆனால் எரேமியா நூலைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விரு சொற்களையும் ஒருங்கே பலகையில் எழுதி, வேறுபாட்டை விளக்கிவிட்டு, 28-ஆம் அதிகாரத்தை ஏழாம் மாதச் செய்திக்கு முன்னரே நிறுத்திக்கொள்வாராக. அனனியாவையும் எரேமியாவையும் கேட்டு நின்றவர்களுள் தாமும் ஒருவராயின் எவர் பின்னே சென்றிருப்போம், ஏன் சென்றிருப்போம் என்று மாணவரை எழுதச் செய்க. எஞ்சிய தொடர்களை அதன் பின்னர்ப் படிப்பிக்கலாம்.