வேகமும் நிதானமும்

ஒரு நாவலை விமர்சிக்க வருகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஆசிரியர் என்ன செய்ய முயன்றார் என்பதுதான். நமக்குப் பிடித்ததை அவர் ஏன் செய்யவில்லை என்ற கேள்வி அப்புறம் வரட்டும். மோட்டார் சைக்கிளுக்கும் இதே நியாயம்தான் என்று சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் 1955-ல் எங்கள் சென்னையில் குடியேறிய புல்லட் வம்சத்தைப் பற்றி நம்மவர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு மோசமான புத்தக மதிப்புரைகள்தாம் ஞாபகத்துக்கு வருகின்றன.

பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. "நூற்றிருபதில் போக மாட்டேன் என்கிறதே, இதுவும் ஒரு வண்டியா?" என்பது ஒரு கட்சி. "அந்த நாள் வண்டிதான் வண்டி, இப்போது வருவதெல்லாம் வேஷம்" என்பது மற்றது. இரண்டுமே வண்டியைப் பார்க்காமல் சொல்கிற அபிப்பிராயங்கள் என்று எனக்குப் படுகிறது.

முதல் கட்சியை எடுத்துக்கொள்வோம். 2021-க்கு முன் வந்த கிளாஸிக் 350-ன் எஞ்சின் 346 ஸி.ஸி. சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. பழைய புல்லட்டுக்கும் இதே அளவுதான். நிமிஷத்துக்கு 4000 சுற்றில் ஓடும்போது அந்தப் பிஸ்டன் ஒரு நிமிஷத்தில் 720 மீட்டர் பிரயாணம் செய்கிறது. அதுவும் நேர்க்கோட்டில் அல்ல. எட்டாயிரம் தடவை நின்று, எட்டாயிரம் தடவை திரும்பி. இருப்பது ஒரே சிலிண்டர். எதிர்ப்பக்கம் இன்னொரு பிஸ்டன் இருந்து அந்த உதறலைச் சரிக்கட்டுவதில்லை. சுற்று இரண்டு மடங்கானால் உதறும் விசை நான்கு மடங்காகிறது. கைப்பிடியில் விரல் மரத்துப்போவதற்கு இதுதான் காரணம்.

எஞ்சினின் முழு இழுவை கிடைப்பதும் அதே 4000 சுற்றில்தான்: 28 நியூட்டன் மீட்டர். அதற்குச் சற்று மேலே ஓடுகிற வண்டி ஒரு மேட்டைச் சந்தித்தால், சுற்று குறையக் குறைய இழுவை கொஞ்சம் கூடிக் கைகொடுக்கிறது. வெகுவாகக் கீழே ஓடுகிற வண்டிக்கு அந்த உதவி இல்லை. சுற்றோடு சேர்ந்து இழுவையும் தளர்கிறது. ஆகவே அதிர்வு "கீழே இரு" என்கிறது. மேடு "ரொம்பக் கீழே போகாதே" என்கிறது. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் சுகமான வேகம் இருக்கிறது. என் கைக்கும் முதுகுக்கும் அது மணிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் சுமார். எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் என்ன என்பீர்கள். காற்றை விலக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும். மொத்தமே இருபது குதிரை சக்திக்குச் சற்றுக் குறைவாக உள்ள எஞ்சினிடம் அதைக் கேட்பது தர்மமல்ல.

எங்கள் தெருவில் ஒரு வாலிபர் இருக்கிறார். வயது முப்பதுக்குள். இந்தக் கணக்கைப் பல்லை மாற்றி வென்றுவிடலாம் என்று நினைத்தார். கியர்ப் பெட்டியின் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினார். யோசனையில் தப்பில்லை. 16 பல் இருந்த இடத்தில் 17 வைத்தால், முன்பு 4000 சுற்றில் போன வேகத்துக்கு 3765 சுற்றே போதும். அதிர்வு குறையும். சமதரையில், தனியாக, காற்றில்லாத காலை நேரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஸார், வெண்ணெய் மாதிரி போகிறது!" என்று என்னிடம் வந்து சொன்னார்.

பிறகு மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலுக்குப் புறப்பட்டார். வழியில் எதிர்க்காற்று. ஐந்தாவது கியர் நிற்கவில்லை. நாலாவதில் போட்டால், முன்பு ஐந்தாவதில் இருந்ததைவிட அதிகச் சுற்று. ஐந்தாவது கியர் வெறும் அலங்காரமாகிவிட்டது. மலையிலோ எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பல்லை மாற்றியதில் மேல் கியர் மட்டுமா நீண்டது? முதல் கியரும் நீண்டுவிட்டது. கிளட்சைப் பாதி பிடித்துப் பிடித்து ஏறியதில் கருகல் வாசனை அடித்தது. ஒரு வளைவில் எஞ்சின் நின்று, வண்டி ஓரடி பின்னுக்கு உருண்டது. அந்தப் பெண் சட்டென்று இறங்கிவிட்டாள். மீதி வளைவுகளுக்குப் பஸ்ஸில் வந்தாள். திரும்பி வந்த மறுநாளே பழைய ஸ்பிராக்கெட் பழைய இடத்துக்குப் போயிற்று.

கியர் விகிதம் என்பது சக்தியைப் படைப்பதில்லை. இருக்கிற சக்தியைப் பங்கிடுகிறது. ஓரிடத்தில் கூட்டிக் கொடுத்தால் இன்னோரிடத்தில் குறையத்தான் செய்யும். குடும்ப வரவு செலவு பார்க்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி இரண்டாவது கட்சி. 2021-ல் வந்த புதிய கிளாஸிக்கை வேஷம் என்கிறார்கள். 349 ஸி.ஸி.; குறுக்களவு 72, பிஸ்டன் தூரம் 85.8. உள்ளே, எதிர்த் திசையில் சுற்றி உதறலைச் சரிக்கட்டும் ஒரு தண்டு. முழு சக்தி கிடைப்பது 5250 சுற்றிலிருந்து 6100-க்கு ஏறிவிட்டது. ஆனால் முழு இழுவை? அது இன்னமும் 4000-லேயே நிற்கிறது. டாங்கின் வளைவிலும் சைலன்ஸரின் ஒலியிலும் பரம்பரையைத் தேடுகிறவர்கள் இந்த ஒரு எண்ணைக் கவனிக்கவில்லை. அவசரமில்லாமல் இழுப்பதுதான் அந்த வம்சத்தின் குணம். அந்தக் குணம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. விரல் மரத்துப்போவதை யாரும் பரம்பரைச் சொத்தாகக் கொண்டாட வேண்டாம்.

எனக்கும் ஒரு குறை உண்டு. பழைய வண்டி, வேகம் கூடினால் கையைப் பிடித்து உலுக்கி எச்சரித்தது. புதியதில் தொண்ணூறு வருவதே தெரிவதில்லை. வண்டி மாறியிருக்கிறது, குறுக்கே ஓடும் ஆடும், பள்ளமும், நம் கண்ணின் சுறுசுறுப்பும் மாறவில்லை. முன்பு இயந்திரம் வைத்த எல்லையை இப்போது ஓட்டுகிறவனே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது எல்லாராலும் ஆகுமா என்பது எனக்குச் சந்தேகம்.

போன வாரம் அந்த வாலிபர் புதிய வண்டியோடு வாசலில் வந்து நின்றார். "இதிலே ஒரு பல் கூட்டினால் எப்படி இருக்கும், ஸார்?" என்றார்.

"உங்கள் வீட்டில் கேட்டீர்களா, தம்பி?" என்றேன்.

சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.